ஐரோப்பிய வரலாறு கற்பார்க்கு ஏற்ற தொடக்க நூல்

ஆண்டுதோறும் உயர்தர வகுப்புத் தொடங்கும் நாட்களில் மாணவர் சிலர் வந்து, “ஐயா, ஐரோப்பிய வரலாற்றை முதன்முதலாகப் படிப்பதற்கு எந்தப் புத்தகத்தை எடுக்கலாம்?” என்று கேட்பதுண்டு. வினா சிறியது. ஆயினும் அதற்கு ஆசிரியர் அளிக்கும் விடை அம்மாணவரின் வரலாற்றுக் கல்வி முழுவதையும் ஆக்கவும் கெடுக்கவும் வல்லது. முதலிற் கையிலெடுத்த நூல் கசந்துவிடின் மாணவர் பின்னர் எந்த நூலையும் நாடார். குறிப்புக் கொப்பியையே தஞ்சமென அடைவர். பரீட்சை முடிந்த மறுநாள் அக்கொப்பியும் பரணுக்குப் போய்விடும். ஆகலின், இவ்வினாவைச் சற்று நின்று ஆராய்தல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்தரும் எனக் கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நூல் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்னரே சிந்தித்துள்ளனர். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே நூலுக்குரிய குற்றங்கள் பத்து, அழகுகள் பத்து எனப் பகுத்துக் காட்டுவர். சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்லுதல் குற்றம். வேண்டாததைப் பெருக்கிச் சொல்லுதலும் குற்றம். சுருக்கமாகச் சொல்லுதல் அழகு; பொருளை விளங்க வைத்தலும் அழகு. இலக்கண நூலுக்கு இவ்விரு அழகுகளும் ஒருங்கே வாய்க்கலாம். வரலாற்று நூலிலோ அவை ஒன்றோடொன்று பொருதுகின்றன. பல நூற்றாண்டு நிகழ்ச்சிகளைச் சுருக்கினால் காரணங்கள் மறைந்து பெயர்களும் திகதிகளுமே எஞ்சும்; காரணங்களை விளக்கப் புகுந்தால் நூல் பெருத்துவிடும். தொடக்க நூலொன்றைத் தெரிதல் என்பது, இவ்விரண்டையும் எந்த ஆசிரியர் எவ்வாறு பொருத்தியுள்ளார் என்று பார்த்தலேயாம்.

இவ்வுண்மையை யான் எளிதிற் கற்றுக்கொண்டேனல்லேன். யான் பட்டப் பரீட்சைக்கு வெளிவாரியாகத் தோற்றியவன். பகலிற் கற்பித்து இரவிற் படித்தேன். விரிவுரை கேட்கும் வாய்ப்பற்றவனுக்கு நூலே விரிவுரையாளர்; ஐயம் எழுந்தால் திருப்பிக் கேட்கவும் இயலாத விரிவுரையாளர். பெரிய நூலே சிறந்த நூல் என்னும் எண்ணத்தினால் எச். ஏ. எல். பிஷர் எழுதிய ஐரோப்பிய வரலாற்றைப் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கினேன். அகராதியை அருகில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் படித்தேன். அரசர் பெயரும் உடன்படிக்கைகளின் பெயரும் இரண்டு கொப்பிகளை நிரப்பின. பின்னர், முந்திய ஆண்டு வினாத்தாளொன்றை எடுத்து, புரட்சி ஏன் பிரான்சிலே தோன்றியது என்ற வினாவுக்கு விடை எழுத முயன்றேன். நான்கு பக்கம் எழுதியபின் படித்துப் பார்த்தால், நிகழ்ச்சிகள் யாவும் வரிசைப்படி இருந்தன. “ஏன்” என்பதற்கு ஒரு வரிதானும் இருக்கவில்லை.

குற்றம் பிஷருடையதன்று. அவர் 1916 முதல் 1922 வரை பிரித்தானியாவின் கல்வித்துறைக்குத் தலைமை தாங்கி, 1918ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தை நிறைவேற்றியவர். பின்னர் ஒக்ஸ்போட்டில் நியூ கல்லூரியின் தலைவராயிருந்தவர். 1935இல் மூன்று பாகங்களாக வெளிவந்த அவரது நூல் ஆங்கில உரைநடைக்கு ஓர் அணிகலன். ஆயின் அஃது ஐரோப்பிய வரலாற்றை ஓரளவு அறிந்தவர் மீண்டும் சுவைத்தற்குரியது. அதில் வரும் மாந்தரைப் படிப்போர் முன்னரே அறிவர் என்ற துணிவோடு அவர் எழுதிச் செல்கின்றார். அன்றியும், வரலாற்றிலே பிறர் காணும் ஒழுங்கமைப்பு எதுவும் தமக்குப் புலப்படவில்லை என்று முன்னுரையில் அவரே ஒப்புக்கொள்கின்றார். அறிஞர்க்கு அவ்வடக்கம் அழகு. புதிதாகக் கற்பவனுக்கோ, நிகழ்ச்சிக்கும் நிகழ்ச்சிக்கும் உள்ள தொடர்பை யாராவது கைபிடித்துக் காட்டவேண்டியிருக்கிறது.

ஆகவே ஒரு நூலைத் தெரியுமுன் அதன் பருமனையோ ஆசிரியரின் புகழையோ நோக்காது, அதன் சில பக்கங்களைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். அதற்கு மூன்று சோதனைகளை யான் கையாள்வதுண்டு.

முதலாவது சோதனை: 1789ஆம் ஆண்டைப் பற்றிய பக்கங்களைத் திறந்து படிக்க. தரங்குறைந்த நூல், பதினாறாம் லூயி வலுவற்றவன், அரசி மேரி அந்துவானெத் ஆடம்பரப் பிரியை, ஏழைகள் பசித்தனர், வோல்தேயரும் ரூசோவும் எழுதினர், ஆகவே புரட்சி வெடித்தது என ஐந்து வரியில் முடித்துவிடும். பாண் இல்லாதவர் இனிய பணியாரம் உண்ணட்டும் என்று அரசி கூறினாள் என்னும் கதையும் அங்கே தவறாது இடம்பெறும். அக்கதையை ரூசோ பெயர் குறியாத ஓர் இளவரசியின்மீது ஏற்றி எழுதியபோது மேரி அந்துவானெத் பிரான்சுக்கே வந்திருக்கவில்லை. அவள் வந்தது 1770இல்.

நல்ல நூல் கணக்கேட்டிலிருந்து தொடங்கும். பிரான்சு 1778 முதல் 1783 வரை அமெரிக்கக் குடியேற்றங்களுக்குத் துணையாகப் பிரித்தானியாவோடு போரிட்டது. போருக்கு வேண்டிய பணம் கடனாகப் பெறப்பட்டது. 1788ஆம் ஆண்டளவில் அரசின் செலவில் ஏறத்தாழப் பாதி கடனுக்கே போயிற்று. அரண்மனைச் செலவோ நூற்றுக்கு ஆறளவுதான். அரசியின் அணிகலன்களை விற்றிருப்பினும் திறைசேரி நிமிர்ந்திராது என்பது இதனாற் பெறப்படும். நாட்டின் செல்வத்திற் பெரும்பங்கை உடைய பிரபுக்களும் குருமாரும் வரிகள் பலவற்றினின்றும் விலக்குப் பெற்றிருந்தமையே சிக்கலின் முடிச்சு. அம்முடிச்சை அவிழ்க்க எண்ணிய நிதியமைச்சர் கலோன் 1787 பெப்ரவரியிற் பிரமுகர் சபையைக் கூட்டினார். பிரமுகர் இணங்கவில்லை. ஈற்றில் 1614க்குப் பின்னர் ஒருபோதும் கூடியிராத எஸ்டேட்ஸ் ஜெனரல் என்னும் மூவகைக் குடிகளின் மன்றம் 1789 மே 5இல் வேர்சாயிற் கூடிற்று. முந்திய ஆண்டில் விளைச்சல் பிழைத்தமையால் பாரிசிலே பாணின் விலை அவ்வாண்டு யூலை நடுப்பகுதியில் உச்சத்தை அடைந்தது. யூலை 14இல் மக்கள் பஸ்தில் கோட்டையைத் தாக்கினர். அவர்கள் நாடியது அங்கிருந்த வெடிமருந்தை. சிறையில் இருந்தவர் எழுவர் மாத்திரமே.

இவ்வாறு எழுதப்பட்ட பக்கத்தைப் படித்த மாணவன், புரட்சிக்கு வழிதிறந்தவர் வரியிறுக்க மறுத்த பிரபுக்களே என்னும் வியப்பூட்டும் முடிபைத் தானே அடைவான். பிரான்சிய வரலாற்றாசிரியர் ஜோர்ஜ் லெபேவர் 1939இல், புரட்சியின் நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவையொட்டிப் பொதுமக்களுக்காக எழுதிய சிறு நூலிலே, பிரபுக்கள், நடுத்தர வகுப்பினர், நகரமக்கள், குடியானவர் என்னும் நால்வகையினரின் இயக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து கலந்தமையை விளக்கினார். அடுத்த ஆண்டு பிரான்சு வீழ்ந்தது. விஷி அரசாங்கம் அந்நூலின் பிரதிகள் ஏறத்தாழ எண்ணாயிரத்தைத் தீயிலிட ஆணையிட்டது. தெளிவாக எழுதப்பட்ட தொடக்க நூலுக்கு எத்துணை வலிமையுண்டு என்பதைப் பகைவரும் அறிந்திருந்தனர்.

இரண்டாவது சோதனை 1914ஆம் ஆண்டைப் பற்றியது. சுருக்கத்தினால் வரும் தீங்கை இங்கேதான் காணலாம். கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹேபட் பட்டர்பீல்ட் 1931இல் எழுதிய சிறு நூலொன்றில், வரலாற்றாசிரியரின் பக்கச்சார்பு விரிவான ஆராய்ச்சியிற் குறைந்தும் சுருக்கி எழுதுங்கால் மிகுந்தும் தோன்றும் என எடுத்துக்காட்டினார். நூறு பக்கச் செய்தியை ஒரு பக்கமாக்குபவர் எதனை விடுவது, எதனைக் கொள்வது என்று தீர்மானிக்கவேண்டும். அத்தீர்மானத்திலே அவர் நாடும் அவர் காலமும் அவரறியாமலே நுழைந்துவிடுகின்றன. தொடக்க நூல்கள் யாவும் சுருக்க நூல்களே ஆதலின் இவ்வெச்சரிக்கை அவற்றுக்கே சிறப்பாகப் பொருந்தும்.

1914 யூன் 28இல் சராயேவோ நகரில் ஒஸ்திரிய இளவரசர் கொலையுண்டார். யூலை 23இல் ஒஸ்திரியா சேர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை விடுத்தது; யூலை 28இற் போர் தொடுத்தது. ஓகஸ்ட் முதலாந் திகதி ஜேர்மனி ருசியாமீதும், மூன்றாந் திகதி பிரான்சுமீதும் போர் சாற்றிற்று. நான்காந் திகதி பிரித்தானியா ஜேர்மனிமீது போர் சாற்றிற்று. இத்திகதிகளில் எவருக்கும் ஐயமில்லை. பழி யாருடையது என்பதிலேதான் நூல்கள் பிரிகின்றன. வேர்சாய் உடன்படிக்கையின் 231ஆம் உறுப்புரை பொறுப்பை ஜேர்மனிமீதும் அதன் துணைநாடுகள்மீதும் சுமத்தியது. 1951இற் பிரான்சிய, ஜேர்மானிய வரலாற்றாசிரியர் ஒருங்கு கூடிப் பாடநூல்களைத் திருத்துதற்காக நாற்பது கருத்துரைகளை வகுத்தபோது, எந்த ஓர் அரசும் மக்களும் ஐரோப்பியப் போரைத் திட்டமிட்டு விரும்பினர் எனக் கூறுதற்கு ஆவணங்கள் இடந்தரவில்லை என்றனர். 1961இல் ஜேர்மானியரான பிரிட்ஸ் பிஷர் தம் நாட்டு ஆவணங்களைக் கொண்டே தம் நாட்டின் பொறுப்பு மிகுதி என நிறுவ முயன்றார். 2012இற் கிறிஸ்டோபர் கிளார்க் என்பார் அரசுகள் பலவும் துயிலில் நடப்பார் போல அழிவை நோக்கிச் சென்றன என எழுதினார். இத்தகைய கருத்து வேறுபாடு உண்டென்பதை ஒரு பந்தியிலேனும் சொல்லும் நூல் நல்ல தொடக்க நூல். ஒரு நாட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத் தீர்ப்பையும் தானே வாசித்து முடிக்கும் நூலை முதலிற் கொடுத்தல் ஆகாது.

இது பரீட்சைப் புள்ளியோடு முடியும் விடயமன்று. ஐரோப்பாவின் பள்ளிப் பாடநூல்கள் அயல்நாட்டாரைப் பகைவராகச் சித்திரித்தமை இளைஞர் உள்ளத்திற் போருக்கு நிலம் பண்படுத்திற்று என்பதை இரு உலகப் போர்களுக்குப் பின் அவர்களே உணர்ந்தனர். ஜேர்மனியின் பிரவுன்ஸ்வைக் நகரிலே ஜோர்ஜ் எக்கேட் என்பவர் 1951இற் பாடநூல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் கண்டார். மூன்று தலைமுறைக்குள் மூன்றுமுறை பொருதிய பிரான்சும் ஜேர்மனியும் 2006இல், இரு மொழிகளிலும் ஒரே உள்ளடக்கத்தோடு அமைந்த பொதுப் பாடநூலின் முதற்பாகத்தை வெளியிட்டன. வேற்றினத்தாரைப் பற்றிப் பிள்ளைகள் முதன்முதலாகப் படிப்பது யாது என்பது எந்த நாட்டிலும் சிறிய காரியமன்று.

மூன்றாவது சோதனை: அந்நூலின் ஐரோப்பா எவ்வளவு பெரியது? பல நூல்களில் ஐரோப்பா என்பது இங்கிலாந்து, பிரான்சு, ஜேர்மனி ஆகியவற்றோடு நின்றுவிடும். போலந்து மூன்று வல்லரசுகளாற் பங்கிடப்பட்ட செய்தி ஓரிரு வரியில் வரும். பின்னர் அந்நாடு நூறு பக்கத்துக்குக் காணப்படாது. 1996இல் வெளிவந்த நோமன் டேவிசின் பெருநூல் இக்குறையைச் சுட்டிக்காட்டிக் கிழக்கு ஐரோப்பாவுக்கு உரிய இடத்தை அளித்தது. ஆயினும் ஆயிரம் பக்கத்தை மிஞ்சிய அந்நூல் தொடக்கத்திற்கு ஏற்றதன்று.

ஐரோப்பா கடல்கடந்து செய்தவற்றைக் கூறாத நூலும் குறையுடையதே. இதற்கு எம் ஊர்க் கோட்டையே சான்று. யாழ்ப்பாணக் கோட்டையை 1658இற் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனை 1795 செப்டெம்பரிற் பிரித்தானியரிடம் இழந்தனர். ஏன் இழந்தனர்? இலங்கை வரலாற்றை மட்டும் படித்தால் விடை முழுதும் கிடையாது. அவ்வாண்டு சனவரியில், புரட்சிப் பிரான்சின் படைகள் உறைந்த ஆறுகளைக் கடந்து ஒல்லாந்தினுள் நுழைந்தன. ஒரேஞ்சு இளவரசர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடினார். பெப்ரவரி 7இல், கியூ என்னுமிடத்திலிருந்து, ஒல்லாந்தக் குடியேற்றங்களின் அதிகாரிகளுக்கு அவர் கடிதங்கள் வரைந்தார். பிரான்சியர் கைப்படாதிருத்தற்பொருட்டுப் பிரித்தானியப் படையை உள்ளே விடும்படி அவற்றிற் பணித்தார். பிரான்சின் துணையோடு எழுந்த பத்தேவியக் குடியரசு ஒருபுறம், நாடிழந்த இளவரசர் மறுபுறம். யாருக்குக் கீழ்ப்படிவது என இங்கிருந்த ஒல்லாந்தர் தடுமாறினர். திருகோணமலை ஓகஸ்டிலும், யாழ்ப்பாணம் செப்டெம்பரிலும், கொழும்பு 1796 பெப்ரவரியிலும் கைமாறின. 1802இல் அமியன் உடன்படிக்கை அதனை உறுதிசெய்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், 1789ஆம் ஆண்டைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது, பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “அப்படியென்றால் ஐயா, பாரிசிற் பாண் விலை ஏறியதற்கும் எங்கள் கோட்டையிற் கொடி மாறியதற்கும் தொடர்புண்டா?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கடன், வரி, மன்றம், புரட்சி, போர், ஒல்லாந்தின் வீழ்ச்சி, கடிதம், கோட்டை எனச் சங்கிலியைக் கரும்பலகையில் எழுதி முடிக்க ஒரு பாடவேளை சென்றது. அம்மாணவன் குறிப்புக் கொப்பியை நம்பியவனல்லன், நூல் படித்தவன். அத்தகைய வினாவை எழுப்பவல்ல நூலே நாம் தேடுவது.

இனி, சில நூல்களை இச்சோதனைகளுக்கு உட்படுத்துவோம். பழைய தலைமுறையினர் போற்றிய கிராண்ட், டெம்பர்லி என்னும் இருவரின் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வரலாறு 1927இல் வெளிவந்தது. டெம்பர்லி, முதலாம் உலகப் போரின் தோற்றம் பற்றிய பிரித்தானிய ஆவணங்களைக் கூச் என்பவரோடு சேர்ந்து பதிப்பித்தவர். ஆதலின் அரசர், அமைச்சர், தூதுவர் ஆகியோரின் செயல்கள் அந்நூலிற் சிறப்பாக விளங்கும். ஆலைத் தொழிலாளியையும் உழவனையும் அங்கே தேடிக் காண்டல் அரிது. 1929இல் வெளிவந்த கெட்டல்பி அம்மையாரின் நூல் 1789 முதலான காலத்தைப் பாடசாலை மாணவர்க்கு ஏற்றவாறு ஒழுங்காகத் தருவது. ஒழுங்கே அதன் வலிமை.

டேவிட் தொம்சன் 1957இல் எழுதிய, நெப்போலியனுக்குப் பிந்திய ஐரோப்பாவைப் பற்றிய நூல் ஒரு புதுவழி வகுத்தது. நாடு நாடாகக் கூறாது, ஐரோப்பாவை ஒரு முழுமையாகக் கொண்டு, சனத்தொகைப் பெருக்கம், கைத்தொழில், தேசியம், போர் ஆகியவற்றை நாடுகளுக்கு ஊடாகத் தொடர்ந்து செல்வது அவர் முறை. இரண்டாவது நூலாக இதனினும் சிறந்தது அரிது. ஆனால் இத்தாலியும் ஜேர்மனியும் எவ்வாறு ஒன்றுபட்டன என்பதைத் தனித்தனியே அறியாதவன் இதில் வழி தவறக்கூடும்.

எரிக் ஹொப்ஸ்போம் 1962இல் எழுதிய புரட்சி யுகத்தைப் பற்றிய நூல், பிரான்சின் அரசியற் புரட்சியையும் பிரித்தானியாவின் கைத்தொழிற் புரட்சியையும் இரட்டைப் புரட்சியாக ஒருங்குவைத்து நோக்குவது. படிக்கப் படிக்க அறிவைத் தூண்டும். ஆயின் அது மார்க்சியக் கண்கொண்டு எழுதப்பட்ட வாதம். நிகழ்ச்சிகளை அறிந்தபின் வாதத்தைக் கேட்டல் நன்று.

இவற்றுள் முதலாவதாகக் கொள்ளத்தக்கது யாதெனின், ஆர். ஆர். பாமரின் நவீன உலக வரலாறே என்பேன். லெபேவரின் நூலை 1947இல் ஆங்கிலப்படுத்தியவரும் இவரே. 1950இல் முதன்முறை வெளிவந்த இந்நூல், 1956ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் ஜோயல் கோல்டன் என்பவரையும் ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டு, பதிப்புத் தோறும் திருத்தம் பெற்று வந்தது. பெயர் உலக வரலாறாயினும் ஐரோப்பாவே அதன் நடு. அதன் வாக்கியங்கள் குறுகியவை; சொற்கள் எளியவை. புதிய சொல்லொன்று வருமிடத்து அதன் பொருளை அங்கேயே கூறிச் செல்லும். ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுமுன் அதற்கு முந்திய நிலையைச் சொல்லும். பெரிய நூலாயினும் அதன் ஒவ்வோர் அதிகாரமும் ஒரு வினாவுக்கு விடைபோல அமைந்திருத்தலின், மாணவன் வேண்டிய பகுதியை மட்டும் எடுத்துப் படிக்கலாம்.

நூலின் பதிப்பாண்டைப் பார்த்தலும் இன்றியமையாதது. பழைய நூல்நிலையப் பிரதிகளில் ஜேர்மனி இரண்டாயிருக்கும். சோவியத் ஒன்றியம் நிலைபெற்ற வல்லரசாயிருக்கும். ஜேர்மனி 1990இல் ஒன்றுபட்டது; சோவியத் ஒன்றியம் 1991இற் கலைந்தது. 1789ஐயோ 1848ஐயோ அறிதற்குப் பழைய பதிப்புப் போதும். 1945க்குப் பிந்திய காலத்துக்குப் புதிய பதிப்பே வேண்டும்.

படிக்க இனிய நூல் எவ்வாறு பிறக்கின்றது என்பதற்கு இரு வரலாறுகளைக் கூறலாம். பெல்ஜிய நாட்டுப் பேராசிரியர் ஹென்றி பிரென், தம் நாட்டைக் கைப்பற்றிய ஜேர்மானியருக்கு இணங்க மறுத்தமையால் 1916 மார்ச்சிற் கைதாகி ஜேர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டார். நூல்நிலையமும் குறிப்புகளும் இல்லாத அச்சிறு நகர்வாழ்வில், 1917இல், நினைவையே துணையாகக் கொண்டு ஐரோப்பிய வரலாற்றை எழுதத் தொடங்கினார். போர் முடிந்து விடுதலையானபோது பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை அணுகியிருந்தார். அவர் இறந்த மறு ஆண்டு, 1936இல், அந்நூலை மகன் வெளியிட்டார். குறிப்புகள் இல்லாமையால் சிறு செய்திகள் உதிர்ந்தன. காரணகாரியத் தொடர்பு மட்டும் நின்றது. அதனாலேயே இன்றும் அதனைத் தடையின்றிப் படிக்க முடிகின்றது.

மற்றையது இளைஞர் ஒருவரின் நூல். வியன்னா நகரத்து ஏர்ன்ஸ்ட் கோம்பிரிச் 1935இல், தமது இருபத்தாறாம் வயதளவில், சிறுவர்க்காக உலக வரலாறொன்றை ஆறு வாரத்தில் எழுதி முடித்தார். போரை வெறுத்த அந்நூலை நாசிகள் தடைசெய்தனர். நெடுங்காலத்தின் பின், 2005இல், அஃது ஆங்கிலத்தில் வெளிவந்து பலரையும் கவர்ந்தது. க. பொ. த. சாதாரணதரம் முடித்த பிள்ளை விடுமுறையிற் படித்தற்கு அதனினும் இனியதைக் காண்டல் அரிது. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். முதலாம் உலகப் போர் முடிந்த விதத்தைப் பற்றித் தாம் இளமையில் எழுதியது தவறு என்பதைக் கோம்பிரிச் முதுமையிற் கண்டு, பிந்திய பதிப்பில் ஓர் அதிகாரம் சேர்த்து அதனை வெளிப்படையாகத் திருத்தினார். இனிமை வேறு, உண்மை வேறு. இனிய நூலே எளிதில் நம்பப்படுவதால் அதனை மிகுதியும் சோதித்தல் கடன்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். தாய்மொழி மூலம் கற்ற எம் மாணவர்க்கு மேற்கூறிய ஆங்கில நூல்கள் மலைபோலத் தோன்றும். கல்வி தாய்மொழிக்கு மாறிய காலத்தில் அரசாங்கத் திணைக்களங்கள் ஆங்கிலப் பாடநூல்கள் பலவற்றைத் தமிழாக்கி வெளியிட்டன. அப்பணி பெரிது. ஆயினும் ஆங்கில வாக்கியத்தின் நீளத்தை அப்படியே தமிழிற் கொணர்ந்த பக்கங்களை, ஆங்கிலம் அறிந்தவரும் மூலத்தைப் பார்த்தே விளங்கிக்கொள்ள நேர்ந்ததுண்டு. தமிழில் ஒருவர் தாமே சிந்தித்து எழுதிய ஐரோப்பிய வரலாறு வேண்டும். அதுவரை ஆசிரியர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நூல் முழுவதையும் மாணவன் தலையில் ஏற்றாது, பாமரின் நூலில் 1789ஐப் பற்றிய சில பக்கங்களை மட்டும் எடுத்து, வகுப்பிலே வரிவரியாக அவனோடு சேர்ந்து படித்தல். ஓர் அதிகாரத்தைத் தன் முயற்சியாற் கடந்தவன் அடுத்த அதிகாரத்துக்கு அஞ்சான்.

முடிவாக, மாணவர்க்கு யான் கூறும் ஒழுங்கு இது. விடுமுறையிற் கோம்பிரிச். வகுப்புத் தொடங்கியதும் பாமர், வேண்டிய அதிகாரங்கள் மட்டும். அதன்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குத் தொம்சன். இவற்றைக் கடந்தவர் ஹொப்ஸ்போமின் வாதத்தையும் பிஷரின் நடையையும் தாமே தேடிச் செல்வர். எந்த நூலாயினும், ஓர் அதிகாரம் முடிந்ததும் நூலை மூடிவைத்து, “இது ஏன் நிகழ்ந்தது?” என்பதற்குச் சொந்தத் தமிழிற் பத்து வரி எழுதிப் பார்த்தல் வேண்டும். எழுத வந்தால் நூலும் நன்று, படிப்பும் நன்று. வராவிடின் அதிகாரத்தை மீண்டும் படிக்க. மீண்டும் வராவிடின், நூலை மாற்ற வெட்க வேண்டாம்.

ஆறு மாதத்தின்பின் என் இரண்டு கொப்பிகளையும் ஒதுக்கிவைத்துவிட்டு, வேறொரு நூலை முதற்பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கியபோது எனக்கும் வெட்கமாகவே இருந்தது. அன்று அவ்வாறு செய்யாதிருந்தால், பின்வாங்கு மாணவனின் வினாவுக்கு மறுமொழி கூற என்னால் இயன்றிராது.